ஊறிப்போன விதைநெல்

என் கனகாவுக்கு,

சிரிக்காமல் கேள். முந்தாநாள் டீக்கடையில் இருந்தபோது நம் தேன்மொழி டவுன் ஆஸ்பத்திரி ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணி, "நேத்து என்ன செஞ்சீங்கப்பா? இங்கிலீஷ்ல சொல்லுங்க" என்றாள். "ஐ கோ வயல்" என்றேன். "கோ இல்லப்பா, வென்ட்!" ஸ்பீக்கர் போட்டிருந்தது தெரியாமல் போச்சு. கடையே சிரித்தது. பத்தாவதை இரண்டு தடவை எழுதியவனுக்கு இது தேவையா?

வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கான பரீட்சையில் அவள் பாஸாகிவிட்டாள். அப்புறம் எதற்கு எனக்குப் பாடம்? "நாளைக்கு நீங்க அங்க வந்தா பேச வேணாமா?" என்கிறாள். எனக்குச் சந்தேகம்தான். அவள் கேள்விகளைப் பாரேன். சமைச்சீங்களா? சர்க்கரை மாத்திரை போட்டீங்களா? மோட்டாரை நிறுத்துனீங்களா? இது பாடமா, போலீஸ் விசாரணையா?

போன வாரம் அவள் லீவில் வந்திருந்தபோது, கொடியில் துணி எடுக்கப் போன என் காதில் விழுந்தது. தோழியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அப்பா தனியா சமாளிப்பாருன்னு தெரியட்டும்டி. இல்லன்னா அந்த வெளிநாட்டு வேலைப் பேப்பர்ல கையெழுத்துப் போடமாட்டேன்."

அன்றிலிருந்து என் நேற்றுகள் எல்லாமே நல்ல நேற்றுகள். கடையில் புரோட்டா தின்றுவிட்டு, "ஐ குக்ட் ரசம்" என்பேன்.

ஆனால் விதைநெல் விஷயத்தில் மாட்டிக்கொண்டேன். சாக்கில் கட்டி வாய்க்காலில் ஊறப்போட்டேன். மறுநாள் காலையில் தூக்கி முளைகட்ட வேண்டும். "சாக்கு தண்ணியிலயே கெடக்கு, எந்திரிங்க" என்று அதட்ட நீ இருந்தாய். இந்த முறை நீ சுவரில் படமாக இருக்கிறாய்; எனக்கு நான்காம் நாள்தான் நினைவு வந்தது. தூக்கினால் அழுகல் நாற்றம். முழுச் சாக்கும் போச்சு.

நேற்று வீட்டுக்கு வந்தவள் கேட்டாள்: "விதை என்னாச்சுப்பா?"

"ஐ சோட்" என்றேன். விதைத்துவிட்டேனாம்!

"கையில என்ன வாடை?"

"எருதான்மா."

கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தாள். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவளுக்கு எரு எது, அழுகல் எது என்று தெரியாதா? தெரிந்துதான் பேசாமல் இருந்தாளா? நீயாவது சொல்லேன்.

பக்கத்து வயல்காரரிடம் நாற்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நிலம் தரிசாகக் கிடக்காது. அடுத்த தடவை சாக்கைத் தண்ணீரில் போட்ட கையோடு வாசல் கதவில் சாக்கட்டியால் தேதியை எழுதிவைப்பேன், இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

இன்று காலை கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடாமல் என்னை ஒருமுறை பார்த்தாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அதுவும் தப்பே இல்லாத இங்கிலீஷில்: "ஐ ஃபர்காட்."

மறந்துட்டேன்மா என்று நான் சொல்லவில்லை.

இன்னும் உன் அதட்டலுக்கே எழுந்திருக்கும்
உன் வீட்டுக்காரன்