திரைக்கு வெளியே நீட்டிய கை

ஐப்பசி 9, திங்கள்

விடியற்காலை முதல் மழை. வெலிமடைச் சரக்கு வண்டி வரவில்லை. கடையில் உருளைக்கிழங்கு இல்லை.

மனைவி செல்லம்மாளுக்கு ஐந்தாம் நாள் காய்ச்சல், இருமல். கஷாயம் கேட்கவில்லை. கடைத்தெரு டாக்டரை வரவழைத்தேன். வீட்டுக்கு வர மூன்று ரூபாய், மருந்து தனி. தேயிலைத் தோட்டத்தில் ஒரு வாரம் கொழுந்து பறித்தாலும் கிடைக்காத பணம்.

வழக்கப்படி டா. கூடத்தில், பெண்கள் உள்ளே. திரைக்கு வெளியே கை நீண்டது. நாடி பார்த்தார்.

"காய்ச்சல் கடுமைதான். பயப்படாதீங்க முதலாளி."

சிவப்புத் தண்ணீர், ஒரு புட்டி.

ஐப்பசி 11, புதன்

மழை. மறுபடி டா. மறுபடி மூன்று ரூபாய். சீரகம் நிறுக்கும் நேரம்கூட அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

"நல்லா இறங்கிருக்கு" என்றார். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன்.

"திரைய எடுக்கச் சொல்லுங்க, பாக்குறேன்."

எடுக்கச் சொல்லவில்லை. பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

மத்தியானம் செ. என்னவோ பிதற்றினாள். அக்காவிடம் கேட்டதற்கு, "டாக்டரே இறங்கிருச்சுன்னுட்டாரு, நீ என்னத்தக் கண்டே?" என்றாள். புருஷனை இழந்து இங்கே வந்ததிலிருந்து வீடு அவள் கையில். கடைக்குப் போய்விட்டேன்.

பக்கத்துக் கடைக்காரர்: "சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்களேன்." தோட்டத்து லயத்துக் கூலியாட்களோடு என் வீட்டுப் பெண்ணைப் படுக்க வைப்பதா? கோபம் வந்தது.

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், சுக்கு, கம்பளி ஒன்று.

ஐப்பசி 13, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும்.

டா. நாடி பார்த்துக்கொண்டிருந்தார். கை திரையருகே. இருமல் தூரத்துக் கட்டிலிலிருந்து. அப்போதுதான் கையைப் பார்த்தேன். வளையல் இல்லை. திரையை இழுத்தேன். அக்கா.

"அவளுக்கு எந்திரிச்சு வர முடியலடா. அந்நிய ஆம்பள தொடக்கூடாதுன்னு அழுதா. நான் என்ன செய்ய? என் கைய நீட்டினேன்."

மூன்று தடவையும். எனக்குக் கண் எங்கே போயிருந்தது?

டா.வைப் பார்த்துக் கத்தினேன். "நல்லாருக்குற கையிலயா காய்ச்சலக் கண்டுபிடிச்சீங்க?"

"காட்டுன கையத்தானே பாக்க முடியும்?" என்று பையை எடுத்துக்கொண்டார்.

பாவி. கடன்காரன் மாதிரி வாசலில் நின்றான். இன்றும் மூன்று ரூபாய் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்?

ஐப்பசி 14, சனி

மாட்டு வண்டியில் சர்க்கார் ஆஸ்பத்திரி. சேறு. வழியெல்லாம் அவள் மூச்சையே கேட்டுக்கொண்டு போனேன்.

அங்குள்ள டாக்டர், தாதி பக்கத்தில் நிற்க, நெஞ்சிலும் முதுகிலும் குழாய் வைத்துப் பார்த்தார். நுரையீரல் காய்ச்சல். "பத்து நாளா யாருமே பாக்கலையா?" பார்த்தார்கள், அக்கா கையை. அதை எப்படிச் சொல்வது?

பக்கத்துக் கட்டிலில் ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்துப் பெண். செ.வுக்குத் தண்ணீர் கொடுத்ததே அவள்தான். வெட்கமாக இருந்தது.

ஐப்பசி 15, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. கடை திறக்கவில்லை. தாதி ஒருத்தி செ.வின் நெஞ்சைத் துடைத்து ஒத்தடம் கொடுத்தாள். செ. கூச்சமில்லாமல் படுத்திருந்தாள். டாக்டர் குழாய் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

கிட்டக் குனிந்தேன். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"இங்க... பொம்பளங்கதானே... கிட்ட இருந்து பாக்குறாங்க. முன்னாடியே... கூட்டிட்டு வந்திருக்கலாமே."