மாமாவின் வலது கை

மார்ச் 3
கலைக் கண்காட்சிக்கு இன்னும் பதினெட்டு நாள். வீட்டில் எல்லோர் வலது கையையும் பிடித்துக் கண்ணாடித் தட்டு ஜெல்லியில் பதித்தேன். நாலைந்து நாளில் கையிலிருக்கும் நுண்ணுயிர்கள் கை வடிவிலேயே முளைக்கும். மனிதர் தொட்ட இடத்தில் என்ன உயிர் மிஞ்சுகிறது என்பதுதான் என் படைப்பு. "கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்ளோ ஆசையா என் கையப் பிடிக்கல" என்றார் கணவர்.

மாமனார் மூன்று தடவை சோப்புப் போட்டுவிட்டு வந்தார். ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளராயிற்றே. "ஏமாந்துடாதம்மா, என் தட்டுல ஒண்ணும் முளைக்காது."

மார்ச் 8
என் தட்டு மொட்டை. பழக்கதோஷத்தில் கிருமிநாசினியைத் தேய்த்துக்கொண்டு பதித்திருக்கிறேன். என் புத்தியை என்ன சொல்ல?

மாமா தட்டிலோ தோட்டமே போட்டிருக்கிறது. ஆரஞ்சு, மஞ்சள், ரோஜா நிறம் - ஐந்து விரலும். காட்சிக்கூட மேலாளர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: இது நடுவில் இருந்தால்தான் எனக்கு இடம்.

மார்ச் 9
மாமா என்னோடு பேசவில்லை. சாப்பிடும்போது சுவரைப் பார்த்துச் சொன்னார்: "முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் கை கழுவச் சொன்னவன் மானத்த இனி எல்லாரும் கியூவுல நின்னு பாக்கட்டும்."

சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து போய்விட்டேன். பாவம், அவருக்கு நிஜமாகவே வலிக்கிறது. அவர் சம்மதிக்காமல் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் மறுத்தால் கண்காட்சியில் எனக்கு இடமில்லை.

மார்ச் 12
ஆய்வகத் தோழி தட்டைப் பார்த்தாள். "வீட்டு அழுக்கில்லடி இது, குளத்துச் சேறு. நக இடுக்குல தங்கிட்டா சோப்புக்கெல்லாம் போகாது."

மாமாவும் குளமுமா? சட்டை மடிப்புக் கலையாத மனுஷன்!

மார்ச் 13
காலை நடைக்குக் கிளம்பியவர் பின்னாலேயே போனேன். கேவலம்தான், என்ன செய்ய? தெருக்கோடிக் குளத்தில் முழங்கால் சேற்றில் நின்று நாணல் நட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திருட்டு முழி.

"கொசு மருந்து அடிக்க வெச்சது நான்தாம்மா. வருஷா வருஷம். கொசுவோட சேர்ந்து தவளையெல்லாம் செத்துப்போச்சு. நாணல் வளந்தா திரும்ப வரும். யார்கிட்டன்னு போய்ச் சொல்றது?"

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.

மார்ச் 16
"வெச்சுக்கோ" என்றார், செய்தித்தாளிலிருந்து தலையெடுக்காமல். "ஆனா குறிப்பு நான்தான் எழுதுவேன்."

மார்ச் 21
நல்ல கூட்டம். நடுவில் மாமாவின் தட்டு. கீழே அவர் கையெழுத்தில்: 'எங்கள் தெருக்கோடிக் குளத்துக்கு முப்பது வருடம் மருந்தடித்த கை.' நிறையப் பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

பக்கத்தில் என் தட்டு. "இவ்ளோ சுத்தமா இருக்கே, யாரோடது?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"எங்க மருமகளோடது" என்றார் மாமா. "பாவம், ஒண்ணுமே வாழல. இப்பதான் என்கூடக் குளத்துக்கு வருது. சரியாயிடும்."