மேற்கு ஜன்னல் வெயில்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. முட்டிவலியைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் அதுகூட இல்லாமல் இருக்க வேண்டும். நாற்பதை நெருங்குகிறவளை இன்னும் பாப்பா என்கிறாளே என்று சிடுசிடுக்காதே, எனக்கு வேறு பேர் வாயில் வராது. போனில் பேசினால் பத்து வார்த்தைக்குள் "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய், அந்த அப்புறம் வருவதற்குள் சொல்ல வந்தது எனக்கு மறந்துபோகிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதத்தை நீ பாதியில் வைத்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

முதலில் ஒரு கூத்தைக் கேள். உன் அறையில்தான் தறியைப் போட்டிருக்கிறேன், மேற்கு ஜன்னல் அங்கேதான் பெரியது. நான் நெய்வதெல்லாம் சாயம் காணாத வெள்ளை நூல், நடுநடுவே கண்ணாடி மாதிரி மெல்லிய நரம்பு நூல், அவ்வளவுதான், நிறம் போடுவது வெளிச்சத்தின் வேலை. எங்கே நெருக்கி அடித்தால் அது தங்கும், எங்கே தளர விட்டால் நழுவிப் போகும் என்று பார்த்துப் பார்த்து நெய்ய வேண்டும். காலையில் துணி முழுக்க இளமஞ்சளாக இருக்கும். போன மாதம் நாலைந்து நாளாகப் பக்கத்தில் எங்கேயோ இடிக்கிற சத்தம், தூசிக்குப் பயந்து அறையைப் பூட்டியே வைத்திருந்தேன், யார் வீடு என்று எட்டிப் பார்த்துச் சொல்ல இங்கே இன்னொரு ஆள் ஏது. சத்தம் ஓய்ந்து ஒரு காலை தறியில் உட்கார்ந்தால் மஞ்சளைக் காணோம், செத்த வெளுப்பு. நூல்தான் மட்டம் என்று முடிவு கட்டி ஒரு கை நீளத்துக்குப் பிரித்துப் போட்டேன், பத்து நாள் வேலை போச்சு. நூல்கடைக்காரரைப் போனில் பிடித்து, நீங்கள்லாம் நல்லா இருப்பீங்களா என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டேன், அவர் பாவம் "அதே நூல்தாங்கம்மா, சத்தியமா அதேதான்" என்று கெஞ்சுகிறார். கத்திக்கொண்டே திரும்பினால் ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடே இல்லை! அந்த வீட்டு மஞ்சள் சுவரில் காலை வெயில் பட்டுத் திரும்பித்தான் இத்தனை நாளும் என் துணிக்குள் வந்திருக்கிறது, நான் என்னவோ என் கைவண்ணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நூல்கடைக்காரரிடம் அப்போதே மன்னிப்புக் கேட்டேன், அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரிப்பு அதோடு சரி. அங்கே இப்போது அடுக்குமாடி கட்டுகிறார்கள். காலை வெளிச்சம் போனாலும் சாயங்கால வெயில் நேராக வருகிறதே என்று அதை வைத்தே மறுபடி நெய்தேன், மேஸ்திரியிடம் விசாரித்தால் அதுவும் நிலைக்காது போலிருக்கிறது. "ரெண்டாவது மாடி ஏறிட்டா உங்க ஜன்னல்ல வெயில் விழாதும்மா, மழை கெடுக்காம இருந்தா ரெண்டு மாசம்" என்கிறார். தினமும் வானத்தைப் பார்த்து ஒரு மழை வராதா என்று ஏங்குகிறேன், அந்த மனுஷர் பிழைப்பில் மண்ணைப் போடுகிறேனே என்று வெட்கமாகவும் இருக்கிறது.

துணி முந்தாநாள்தான் முடிந்தது. தறியிலிருந்து எடுத்து அறைக்குக் குறுக்கே தொங்கவிட்டேன். வெயில் இறங்க இறங்க கீழ்விளிம்பில் பொன்னாகப் பிடித்து மெதுவாக மேலே ஏறி, நரம்பு நூல் இருக்கிற இடமெல்லாம் சிவந்து, தரையில் உன் கட்டில் வரைக்கும் கோடு கோடாக ஓடியது. "இங்க வந்து பாருங்களேன்" என்று சத்தமாகவே கூப்பிட்டுவிட்டேன் பாப்பா. அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. கூப்பிட்ட வாயை மூடிக்கொண்டு அது அணைகிறவரை நானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்குப் போட்டோ அனுப்பினேன், நீ கட்டைவிரல் படத்தைத் திருப்பி அனுப்பினாய். உன்மேல் தப்பில்லை, போட்டோவில் அது கொசுவலை மாதிரிதான் இருக்கிறது.

இந்தத் துணியைக் கேட்டிருந்த கண்காட்சிக்காரர்கள் எடுத்துப்போகத் துடிக்கிறார்கள், விளக்கு வைத்துக் காட்டிக்கொள்கிறோம் என்கிறார்கள், காட்டட்டும், ஆனால் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டை விற்றுவிட்டு உன்னோடு வந்துவிடச் சொல்கிறாய், அதை நிதானமாகப் பேசலாம். அதற்கு முன்னால் அந்தச் சுவர் ஏறுவதற்குள் ஒரு தடவை நீ வா. துணிக்காக மட்டும் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதே, தனியாக இருக்க முடியவில்லை. இதை எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன், கை எழுதிவிட்டது. லீவு கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடு, பார்க்கலாம் பார்க்கலாம் என்று மட்டும் இழுக்காதே, நான் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், நீயும் சாப்பிடு. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் ஒற்றுமையாக நூறு வருஷம் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசி. ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். ராத்திரியில் வந்து இறங்கினால் நேரே உன் அறைக்குப் போய் விளக்கைப் போட்டுவிடாதே. அப்போது அது வெறும் வெள்ளைத் துணியாகத்தான் தொங்கும். "இதுக்காம்மா என்னைக் கூப்பிட்ட" என்று நீ கேட்டுவிட்டால் நான் தாங்கமாட்டேன். மறுநாள் சாயங்காலம் வரைக்கும் இரு.

இப்படிக்கு,
உன் அம்மா