சிவப்பு அட்டையின் மறுபாதி

அன்பு மகளுக்கு,

“அப்பா நல்லா இருக்காராம்மா?” என்று போன வாரம் போனில் கேட்டாய். நான் “ம்” என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். நான் நலம், நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், அவரைப் பற்றித்தான் வழக்கமான அந்த ஒரு வரியை எழுத முடியவில்லை. போனில் பேசினால் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான் கடிதம். இப்போது மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மிதவையைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். ஸ்பானர் சத்தம் நிற்கும்வரை எழுதலாம்.

சிவப்பு அட்டை உனக்கு நினைவிருக்கும், பத்தாம் வகுப்பில் ஒன்றை எடுத்து “பரீட்சை, திறக்காதே” என்று எழுதி உன் அறைக் கதவில் மாட்டினாயே, அதேதான். ஒரு வால்வை மூடிவிட்டு வேலை பார்க்கிறவர் பெயரும் தேதியும் எழுதி அதில் மாட்டுவார், கீழ்ப்பாதியைக் கிழித்துத் தன் பையில் வைத்துக்கொள்வார், அவரே வந்து அந்தப் பாதியைச் சேர்த்துப் பார்த்துக் கழற்றும்வரை வேறு யார் கையும் அந்த வால்வில் படக் கூடாது. குளிர்பதனக் கிடங்குக்கு அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே உன் அப்பாதான். பதினைந்து நாளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அவர் பெயர் எழுதிய அட்டை ஒன்று, அறைகளுக்குக் குளிர் போகிற ஒரு முக்கியமான வால்வில் தொங்கியிருக்கிறது. மறுநாள் நாங்கள் உன் அத்தை வீட்டில் இருந்தோம். கிடங்கிலிருந்து போன் செய்தார்கள், இவர் “நான் எந்த அட்டையும் மாட்டல, கண்ணத் திறந்து பாருங்க” என்று வைத்துவிட்டார். பெயர் இவருடையது, இவரோ இல்லை என்கிறார், கழற்றினால் இவருடைய விதியை மீறியதாகும் என்று பயந்து திங்கள்வரை ஒருவரும் தொடவில்லை. இரண்டு அறை நிறைய உருளைக்கிழங்கு அழுகிப்போனது.

அந்த அட்டைகளை வைத்துப் பூட்டும் பெட்டியின் சாவி இரண்டு பேரிடம் மட்டும்தான் உண்டு. ஒருவர் இவர், இன்னொருவர் நம் வெல்டர், உன் படிக்கிற மேசைக்கு இரும்புக் கால் வைத்துக் கொடுத்தவர், ஒன்பது வருடமாக இவரைச் “சீஃப்” என்றே கூப்பிடுகிறவர். தன் கையெழுத்தைப் போட்டுத் தன்னை மாட்டிவிடப் பார்த்திருக்கிறான் என்று இவர் மேலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். நாளை விசாரணை. வெல்டரை வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். அவருக்கு நாற்பத்திரண்டு வயது, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். புதன்கிழமை என் ஆய்வகத்து வாசலில் வந்து நின்றார். “அக்கா, சீஃப் என்னத் திட்டட்டும், அடிக்கக்கூட அடிக்கட்டும், ஆனா அவரு என் முகத்தப் பாக்கமாட்டேங்கிறாருக்கா” என்றார். பேசிப் பார்க்கிறேன் என்றேன். வீட்டில் பேச்சை எடுத்ததும் இவர் “கையெழுத்து யார் வேணா போடலாம்டி, கீழ்ப்பாதி யார்கிட்ட இருக்கு? அதக் காட்டட்டும், அப்ப நான் ஒத்துக்கிறேன்” என்று எழுந்து போய்விட்டார்.

கீழ்ப்பாதி என்னிடம் இருக்கிறது. வியாழக்கிழமை துவைக்கப் போடும்போது அவருடைய கோடு போட்ட சட்டையின் பையில், சட்டைக்குச் சட்டை மாற்றி வைத்துக்கொள்ளும் கண்ணாடி துடைக்கிற துணிக்குள் மடிந்து கிடந்தது. அதே தேதி, அதே எண், நடுவில் கோடு கிழித்து அவர் எழுதும் ஏழு. கப்பலில் பழகிய ஏழு அது, அதை வேறு யாராலும் அப்படி எழுத முடியாது. இவர் பொய் சொல்லவில்லை, அது எனக்கு நிச்சயம். மாட்டியது அவருக்கு நினைவில் இல்லை. இரண்டும் ஒன்றல்ல என்று உனக்குப் புரியும். தண்ணீர் பரிசோதிக்கிற எனக்கு ஒரே ஒரு சாம்பிளை வைத்து முடிவு எழுதப் பிடிக்காது. வயதானால் எல்லோருக்கும் வருகிற மறதிதான் என்று உன் அத்தை சொல்கிறாள், இவருக்கு ஐம்பத்தாறு வயதுதான். போன மாதம் உன்னிடம் அங்கே மணி என்ன என்று ஒரே பேச்சில் மூன்று முறை கேட்டார், நீ சிரித்தாய். என்னை அழைத்துப்போக வந்தவர் தினமும் திரும்புகிற முனையில் வண்டியை நிறுத்திவிட்டு எந்தப் பக்கம் என்று என்னைப் பார்த்தார், நான் விளையாட்டு என்று நினைத்தேன். இனி அப்படி நினைக்க முடியாது.

அந்தத் துண்டை அடுப்பில் போட்டுவிடலாமா என்றும் யோசித்தேன், உன்னிடம் மறைக்கவில்லை. அடுப்பையும் பற்றவைத்தேன், வெந்நீருக்குத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நாளை அதை நான் நீட்டினால் இவர் உடைந்துபோவார். இவரிடம் இருப்பது இந்த வேலைத் திறன் ஒன்றுதானே. வயலில் தண்ணீர் இறைக்கிற எஞ்சினைப் பதினோரு வயதில் பிரித்துப் போட்டுவிட்டு, “தண்ணி வராம வீட்டுப் பக்கம் வராத” என்று உன் தாத்தா சொன்னதால் இரண்டு நாள் வரப்பிலேயே உட்கார்ந்து ஓடவைத்தவர் என்று நூறு தடவை கேட்டிருப்பாய். அந்தக் கதை வருடா வருடம் கொஞ்சம் வளர்கிறது என்பது என் சந்தேகம், ஆனால் எஞ்சின் ஓடியது உண்மை. பதினெட்டில் கடற்படை, கப்பலின் எஞ்சின் அறையில் பதினைந்து வருடம். அதன்பிறகு மருத்துவமனையில் எக்ஸ்ரே இயந்திரங்கள், அப்புறம் லிஃப்ட், அப்புறம் இந்தக் கிடங்கு. ஒவ்வொன்றையும் ஒன்றும் தெரியாதவராகப் போய்க் கற்றுக்கொண்டார், பட்டம் வாங்கிய நான் ஒரே ஆய்வகத்தில் இருபத்து மூன்று வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். அட்டை விஷயத்தில் மட்டும் அவர் இப்படிப் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. உன்னிடம் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். கப்பலில் அடுத்த படுக்கைக்காரர் மாட்டிய அட்டையை யாரோ அவசரத்தில் கழற்றிவிட்டார்கள், நீராவி திறந்துகொண்டது, அந்த மனிதருக்கு இரண்டு கையும் வெந்துபோயின. மறுபாதி அவர் சட்டைப் பையில் இருந்ததாம், அதைப் பிறகு எடுத்தவர் உன் அப்பா. அதை எடுத்த கையால் எழுதிய அட்டையை அவரே மறந்துவிட்டார் என்று நான் எப்படிச் சொல்வேன்? சொல்லாவிட்டால் வெல்டர் பிள்ளைகளை நான் எந்த முகத்தோடு பார்ப்பேன்? மூன்று நாளாக அந்தத் துண்டு என் கைப்பையில் இருக்கிறது, பை கனக்கிறது என்று எழுதினால் நீ சிரிப்பாய், நான் அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை.

நாளைக் காலை சாப்பிட உட்காரும்போது அவரிடமே கொடுப்பதாக இருக்கிறேன், மற்றவர்கள் முன்னால் இல்லை. நீ உடனே டிக்கெட் போட்டுக் கிளம்பாதே, நான் சொல்லும்போது வந்தால் போதும். வேலைக்காக உயரத்தில் ஏறும்போது பாதுகாப்புக்குக் கட்டுகிற இடுப்புப் பட்டையை ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துக்கொள். அடுத்த முறை அப்பா அங்கே மணி என்ன என்று கேட்டால், எத்தனை தடவை கேட்டாலும் முதல் தடவை சொல்வது போலச் சொல். இந்தப் பக்கத்துக் கவலை உன் தூக்கத்தைக் கெடுக்காமல், நீ நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அம்மா.

திங்கள் மாலை. ஞாயிறு தபால் எடுக்கமாட்டார்கள் என்பதால் இது என்னிடமே இருந்தது, நடந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். தட்டுக்குப் பக்கத்தில் துண்டை வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “எங்க இருந்துச்சு?” என்றார், சொன்னேன். “எப்ப?” என்றார். வியாழக்கிழமை என்றேன், நான் அதுவரை மறைத்ததற்குக் கோபப்படுவார் என்று காத்திருந்தேன், கோபப்படவில்லை. தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டார், ஷூவுக்குப் பாலிஷ் போட்டார், “நீயும் வா” என்றார். மேலாளர் வாயைத் திறப்பதற்குள் துண்டை மேசையில் இருந்த அட்டையோடு சேர்த்து வைத்தார், கிழிசல் சரியாகப் பொருந்தியது. வெல்டரின் முகத்தைப் பார்த்து “தம்பி, மாட்டினது நான்தான். எனக்கு ஞாபகம் இல்ல. உன்னச் சொன்னது தப்பு” என்றார். வெல்டர் எழுந்து “விடுங்க சீஃப், நானே மாட்டினேன்னு சொல்லிக்கிறேன், யாருக்கு என்ன இப்ப” என்று அழுதார். “வாய மூடு, அட்டை எடுத்துட்டு வா” என்று அதட்டினார், அந்தக் குரல் பழைய குரல்தான். புது அட்டையில் தன் பெயர், தேதி, காரணம் என்ற இடத்தில் ‘பரிசோதனை முடியும்வரை’ என்று எழுதித் தன் கருவிப் பெட்டியின் கைப்பிடியில் மாட்டினார். அந்தக் கருவிப் பெட்டியின் சாவியை வெல்டரிடம் கொடுத்தார். வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். கீழ்ப்பாதியைக் கிழித்தார், சட்டைப் பைவரை கொண்டுபோனவர் நிறுத்தி, அதை என்னிடம் நீட்டி, “நீ வச்சுக்க, என்கிட்ட இருந்தா தொலஞ்சிடும்” என்றார். வாங்கிக்கொண்டேன்.