கடைசித் தொட்டியில் மீன்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவின் இருமல் இப்போது பரவாயில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டு எழுதச் சொன்னாள். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயம். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய். உன் முதலாளி வாயால் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

ஊர் வளர்ந்திருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். வெளிநாட்டு உதவியில் சாலை வந்தது, மின்சாரம் வந்தது, பின்னாலேயே சாயப்பட்டறைகள் வந்தன. எதிர்வீட்டு அக்கா முதல்முறையாகச் சொந்தமாகச் சம்பளம் வாங்குகிறாள். கூடவே நம் தெருக் கிணறு ஊதாவாகிவிட்டது. அவள் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு.

நான் வேலை பார்க்கும் சாயத்தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தையும் அந்த வெளிநாட்டுக்காரர்கள்தான் கட்டிக் கொடுத்தார்கள். அதன் வடிகட்டி உருளைகள் போன வருடமே அடைத்துப்போயின. நீ இருக்கும் நாட்டிலிருந்துதான் புதிது வாங்கவேண்டும், உதவியின் நிபந்தனை அது. யானை விலை. என் முதலாளி வாங்கவில்லை, கொடுத்தவர்கள் கேட்கவுமில்லை. சாயத்தண்ணீர் பின்பக்கமாக நேரே வாய்க்காலுக்குப் போகிறது.

அவர்கள் பார்வையிட வரும் நாளில் மட்டும் ஒரு கூத்து நடக்கும். லாரித் தண்ணீரால் கடைசித் தொட்டியை நிரப்பி, உயிர்மீன் வாங்கி விடுவோம். மீன் நீந்தினால் தண்ணீர் சுத்தமாம்! படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்த முறை மீன் என் பொறுப்பு. "செவப்பு மீனா பாத்து வாங்கும்மா, படத்துல எடுப்பா இருக்கும்" என்றார் மேனேஜர். வாங்கினேன், விட்டேன். வந்தவர்கள் தொட்டியைச் சுற்றி நின்றதும் சாயத்தண்ணீர் வால்வைத் திறந்துவிட்டேன். அவர்கள் கண்ணெதிரே மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன, ஒவ்வொன்றாக மல்லாந்தன. மீன்கள் பாவம்தான். அந்தக் குழந்தை மட்டும் பாவமில்லையா?

மொழிபெயர்ப்பாளர் வெயில் சூடு என்று சமாளித்தார். நான் அடைத்துப்போன உருளை ஒன்றைத் தூக்கிவந்து, பார்வையிட வந்திருந்த வெளிநாட்டுப் பெண் அதிகாரியின் காலடியில் வைத்தேன். அதில் பொறித்திருந்த அவர்கள் நாட்டுப் பெயரைத் தொட்டுக் காட்டினேன். அவர் குனிந்து அதைப் படம் எடுத்துக்கொண்டார். அடுத்த மாதம் மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அவர்கள் வண்டி கிளம்பியதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "அவங்க மறுபடி வர்றப்ப, கை தவறித் தொறந்துட்டேன்னு நீயே சொல்லிடு. உங்க அண்ணன் அங்க யார்கிட்ட குப்பை கொட்டுறான்னு மறந்துடாத. என் மச்சானுக்கு ஒரு போன் போட்டா போதும்" என்றார்.

சொல்லமாட்டேன், அண்ணா. உன் வேலையைப் பணயம் வைக்கிறேன் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. அவர் உனக்கு வாங்கித் தந்த வேலைக்காக நம் வாயையும் எழுதிக் கொடுத்துவிட்டோமா என்ன? தெருவில் பலர் என்னைத் திட்டுகிறார்கள், பட்டறையை மூடிவிடுவார்களோ என்ற பயம். மூடச் சொல்லவில்லை, உருளையை மாற்று என்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள் மறுபடி வரும் அன்றைக்கு எதிர்வீட்டு அக்காவும் குழந்தையோடு வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

வேலை போனால் வீட்டுக்கு வந்துவிடு. இருப்பதைப் பகிர்ந்து சாப்பிடலாம். உன்னைக் கூப்பிட்டு விசாரித்தால், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொள். நான் வருத்தப்படமாட்டேன். என் தங்கை செய்தது தப்பு என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் தங்கை