மெதினாச் சுவரில் என் சிரிப்பு

மகளின் அப்பாவுக்கு,

டாக்கரில் நம் மெதினாப் பேட்டையின் சுவர் ஓவியங்களைப் பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்லியே என் தொண்டை வற்றுகிறது. நம் வீட்டுச் சுவருக்கு வந்ததும் அதே கேள்விதான்: "படத்துல இப்படிச் சிரிக்கிறீங்க, நேர்ல ஏன் உர்ருன்னு இருக்கீங்க?" வரைந்தவர் படகேறி ஸ்பெயினுக்குப் போய்விட்டார் என்றா சொல்வேன்?

நேற்று ஓவியன் ஊசெய்னு வந்தான். வீட்டாரைக் கேட்காமல் மெதினாவில் யாரும் சுவரில் கைவைக்க மாட்டார்கள். நீங்கள்தான் என்னைக் கேட்காமலே வரைந்தீர்கள்.

வழக்கமான மூன்று சுற்றுத் தேநீரும் முடிந்த பிறகே அவன் வாயைத் திறந்தான். "அக்கா, புதுசா வரையணும். உங்க முகத்தை மட்டும் விட்டுடட்டுமா?"

"அதுக்கும் சேர்த்து வெள்ளையடிச்சிடுப்பா. பாக்கணும்னா அவரு நேர்ல வரட்டும்."

இன்று வந்த கூட்டம் வெள்ளையடித்த நம் சுவரை எதுவும் கேட்காமல் கடந்து போனது. மகள்தான் கேட்டாள்: "அப்பா வந்தா நம்ம வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பாரு?"

அதற்கு நீங்களே பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவி