பலாக்கொட்டையில் ஒட்டிய வாஷர்

புவனா,

வாஷர் கிடைத்துவிட்டது. நீ கூட்டித் தள்ளவில்லை. என் தப்புதான்.

நேற்றுப் பலாப்பழம் அறுத்ததில் பால் ஒட்டி, உன் தம்பி அறிவரசன் சிங்கப்பூரிலிருந்து எனக்குக் கொண்டுவந்த மடக்குக் கத்தி திறக்கவே இல்லை. எண்ணெய் விட்டு ஊற வைத்திருக்கலாம். ராத்திரி அவசரப்பட்டு, கொட்டை கிடந்த முறத்திலேயே வைத்துக் கழற்றினேன். திரும்ப மாட்டும்போது பித்தளை வாஷர் ஒன்றைக் காணோம். கத்தி லொடலொடவென்று ஆடியது. "எத வெச்சாலும் கூட்டித் தள்ளிருவ நீ"ன்னு உன்னிடம் கத்திவிட்டேன். காலையில் விடிந்ததும் நீயும் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டாய்.

மத்தியானம் அறிவரசன் சாப்பிட வந்து, "மாமா, கத்தி எப்படி இருக்கு?" என்று கேட்டால் எந்த மூஞ்சியோடு நிற்பது என்றிருந்தது. உன் வேலையாவது குறையட்டும் என்று குழம்புக்குப் பலாக்கொட்டை உரிக்க உட்கார்ந்தேன். நாலாவது கொட்டையில் பால் பிசுக்கோடு வாஷர் ஒட்டியிருந்தது. அப்பாடா என்று அங்கேயே சுவரில் சாய்ந்துவிட்டேன்.

தேங்காய் எண்ணெயில் துடைத்து மாட்டியாச்சு. ஒரு விரலில் திறக்கிறது. அரிசி டப்பா மேல் இருக்கிறது. திருகாணியை இன்னும் முறுக்காதே, இறுகிவிடும்.

கொட்டை முழுக்க உரித்துத் தண்ணீரில் போட்டிருக்கிறேன். கருவாடு போட்டுக் குழம்பு வை.

கல்லு லாரி முன்னாடியே வந்துவிட்டது. லோடுக்கு அரியலூர் போய்விட்டு வருகிறேன்.

பழனிவேல்

கத்தியைக் கழற்றியதைத் தம்பியிடம் சொல்லிக்கொள். உன்னிடம் கத்தியதை மட்டும் சொல்லாதே.

நேற்று ராத்திரி நீ சாப்பிடவில்லை. அவன் வரட்டும் என்று காத்திருக்காமல் முதலில் நீ சாப்பிடு.